பட்டப்படிப்பு வழித் தொடக்கப்பள்ளி ஆசிரியர் தகுதி (இந்தியா)

பட்டப்படிப்பு வழித் தொடக்கப்பள்ளி ஆசிரியர் தகுதி என்பது, இந்தியாவில் இளநிலைப் பட்டம் ஒன்றின் வழியாகத் தொடக்கக் கல்வி ஆசிரியராவதற்கு ஒருவர் நிறைவு செய்ய வேண்டிய கல்வித் தகுதி, தொழிற்பயிற்சி, தகுதித் தேர்வு ஆகியவற்றின் தொகுப்பாகும். இத்தகுதிகளைத் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் (என்.சி.டி.இ.) வரையறுக்கிறது. இளநிலைப் பட்டம் பெற்றிருப்பது மட்டும் ஒருவரைத் தொடக்கப்பள்ளி ஆசிரியராக்குவதில்லை. பட்டத்துடன் பி.எட். எனப்படும் கல்வியியல் பட்டத்தையும் பெற்றவர்கூட, ஒன்று முதல் ஐந்து வரையிலான வகுப்புகளுக்கு அதன் அடிப்படையில் நியமனம் பெற இயலாது என்று உச்ச நீதிமன்றம் 2023 ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. எனவே எந்தப் பட்டம் எந்த வகுப்புகளுக்கு உரியது என்பதை அறிந்துகொள்வது இத்துறையில் நுழைய விரும்புவோருக்கு இன்றியமையாதது.

வகுப்புப் பிரிவுகள்

இந்தியச் சட்டத்தில் தொடக்கக் கல்வி என்பது ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான கல்வியைக் குறிக்கும். ஆசிரியர் தகுதியைப் பொறுத்தவரை இது இரண்டாகப் பிரிக்கப்படுகிறது.

• தொடக்க நிலை: 1 முதல் 5 வரையிலான வகுப்புகள்
• உயர் தொடக்க நிலை: 6 முதல் 8 வரையிலான வகுப்புகள்

இவ்விரு நிலைகளுக்கும் உரிய தகுதிகள் வெவ்வேறானவை. பேச்சுவழக்கில் இரண்டையும் தொடக்கப்பள்ளி என்றே குறிப்பிடும் பழக்கம் பல மாநிலங்களில் உள்ளதால் குழப்பம் ஏற்படுவதுண்டு. பணி அறிவிப்பு ஒன்றைப் படிக்கும்போது பதவியின் பெயரைக் காட்டிலும் அது எந்த வகுப்புகளுக்கானது என்பதையே முதலில் நோக்க வேண்டும்.

2020 ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை வேறொரு பகுப்பை முன்வைத்தது. அதன்படி மூன்று ஆண்டு முன்பருவக் கல்வியும் 1, 2 ஆம் வகுப்புகளும் அடித்தள நிலை, 3 முதல் 5 வரை ஆயத்த நிலை, 6 முதல் 8 வரை நடுநிலை, 9 முதல் 12 வரை இடைநிலை எனப்படும். புதிய ஆசிரியர் கல்விப் படிப்புகள் இப்பகுப்பைப் பின்பற்றி அமைக்கப்பட்டுள்ளன.

சட்டப் பின்புலம்

தேசிய ஆசிரியர் கல்விக் குழுமச் சட்டம் 1993 ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. அதன்கீழ் 1995 ஆம் ஆண்டில் இக்குழுமம் சட்டமுறை அமைப்பாக இயங்கத் தொடங்கியது. ஆசிரியர் பயிற்சி நிறுவனங்களுக்கு அங்கீகாரம் வழங்குவதும், பயிற்சியின் தரத்தை வரையறுப்பதும் இதன் முதன்மைப் பணிகளாகும்.

2002 ஆம் ஆண்டின் 86 ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 21-அ என்னும் உறுப்பைச் சேர்த்து, 6 முதல் 14 வயது வரையிலான குழந்தைகளின் கல்வியை அடிப்படை உரிமையாக்கியது. இதனை நடைமுறைப்படுத்த இயற்றப்பட்ட குழந்தைகளின் இலவச மற்றும் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009, ஏப்ரல் 1, 2010 முதல் நடைமுறைக்கு வந்தது. மத்திய அரசு அதிகாரமளிக்கும் கல்வி அமைப்பு வகுக்கும் குறைந்தபட்சத் தகுதிகளை உடையவரே ஆசிரியராக நியமிக்கப்படலாம் என இச்சட்டத்தின் 23 ஆவது பிரிவு கூறுகிறது. 2010 இல் என்.சி.டி.இ. அவ்வமைப்பாக அறிவிக்கப்பட்டது. அது ஆகஸ்ட் 23, 2010 அன்று வெளியிட்ட அறிவிக்கையும், சூலை 2011 இல் அதற்குச் செய்யப்பட்ட திருத்தமும் இத்துறையின் அடிப்படை ஆவணங்களாகும்.

குறைந்தபட்சத் தகுதிகள்

1 முதல் 5 வரையிலான வகுப்புகளுக்குப் பின்வருவனவற்றுள் ஏதேனும் ஒன்று தேவை.

1. மேல்நிலைக் கல்வியில் (பன்னிரண்டாம் வகுப்பு) குறைந்தது 50% மதிப்பெண்களும், இரண்டாண்டுத் தொடக்கக் கல்விப் பட்டயமும் (டி.எல்.எட்.). முந்தைய விதிமுறைகளின்படி பயின்றோருக்கு 45% போதுமானது.
2. மேல்நிலைக் கல்வியில் குறைந்தது 50% மதிப்பெண்களும், நான்காண்டுத் தொடக்கக் கல்வியியல் இளநிலைப் பட்டமும் (பி.எல்.எட்.).
3. மேல்நிலைக் கல்வியில் குறைந்தது 50% மதிப்பெண்களும், இரண்டாண்டுச் சிறப்புக் கல்விப் பட்டயமும்.
4. ஏதேனும் ஓர் இளநிலைப் பட்டமும், இரண்டாண்டுத் தொடக்கக் கல்விப் பட்டயமும்.

6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு உரிய வழிகளில் முதன்மையானவை வருமாறு.

1. இளநிலைப் பட்டமும், இரண்டாண்டுத் தொடக்கக் கல்விப் பட்டயமும்.
2. குறைந்தது 50% மதிப்பெண்களுடன் இளநிலைப் பட்டமும், பி.எட். பட்டமும்.
3. மேல்நிலைக் கல்வியில் 50% மதிப்பெண்களும், நான்காண்டு பி.எல்.எட். பட்டமும்.
4. மேல்நிலைக் கல்வியில் 50% மதிப்பெண்களும், கலை அல்லது அறிவியலுடன் கல்வியியலை இணைத்த நான்காண்டுப் பட்டமும் (பி.ஏ.எட்., பி.எஸ்சி.எட். போன்றவை).

இவற்றுடன் இரு நிலைகளுக்கும் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேர்ச்சி கட்டாயமாகும். இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு மேற்கண்ட மதிப்பெண் வரம்புகளில் 5% வரை தளர்வு அளிக்க விதி உள்ளது.

இரு பட்டியல்களையும் ஒப்பிட்டால் ஒரு செய்தி புலப்படும். பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் இரண்டே ஆண்டுகள் பட்டயப் பயிற்சி பெற்றவர் முதல் வகுப்புக் குழந்தைகளுக்குக் கற்பிக்கத் தகுதி உடையவர். அதே வகுப்புக்குப் பின் மூன்றாண்டுப் பட்டமும் இரண்டாண்டு பி.எட். பட்டமும் என ஐந்து ஆண்டுகள் பயின்றவர் அத்தகுதி அற்றவர். படித்த ஆண்டுகளின் எண்ணிக்கையைவிட, எந்த வயதுக் குழந்தைகளுக்காகப் பயிற்சி பெற்றார் என்பதையே விதிமுறை கருதுகிறது.

பட்டப்படிப்பு வழிகள்

தொடக்கக் கல்வியியல் இளநிலைப் பட்டம்

பி.எல்.எட். என்பது பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் பயிலப்படும் நான்காண்டு ஒருங்கிணைந்த பட்டமாகும். இது 1994 ஆம் ஆண்டில் தில்லிப் பல்கலைக்கழகத்தில் தொடங்கப்பட்டது. அதுவரை தொடக்க வகுப்பு ஆசிரியருக்குப் பட்டயமே போதுமானதாகக் கருதப்பட்டு, பல்கலைக்கழகப் பட்டங்கள் உயர் வகுப்பு ஆசிரியர்களுக்கு உரியனவாக இருந்தன. சிறு குழந்தைகளுக்குக் கற்பித்தலும் பல்கலைக்கழக அளவில் பயிலத்தக்க துறையே என்னும் கருத்தை இப்பட்டம் நிலைநாட்டியது.

குழந்தை வளர்ச்சி, மொழியைக் குழந்தை ஈட்டும் முறை, தற்கால இந்தியச் சமூகம், கணிதம், இயற்கை அறிவியல், சமூக அறிவியல் ஆகியவை இதன் பாடத்திட்டத்தில் இடம்பெறுகின்றன. நாடகம், கைவினை, தன்வளர்ச்சிப் பட்டறை ஆகியவையும் உண்டு. நான்காம் ஆண்டில் மாணவர்கள் நீண்ட காலப் பள்ளிப் பயிற்சியை மேற்கொள்கின்றனர். 1 முதல் 8 வரை எல்லா வகுப்புகளுக்கும் ஒரே பட்டம் தகுதியளிப்பது இதன் சிறப்பாகும்.

2023 ஆம் ஆண்டில் தில்லிப் பல்கலைக்கழகத்தில் இப்பட்டத்தின் இடத்தில் கீழே விவரிக்கப்படும் ஒருங்கிணைந்த திட்டத்தைக் கொண்டுவர எடுக்கப்பட்ட முடிவுக்கு ஆசிரியர்களிடையே எதிர்ப்பு எழுந்தது. தொடக்கக் கல்விக்கெனத் தனித்து அமைந்த படிப்பு பொதுவான திட்டத்துக்குள் கரைந்துவிடும் என்பது எதிர்த்தோரின் வாதமாகும்.

ஒருங்கிணைந்த ஆசிரியர் கல்வித் திட்டம்

ஐ.டி.இ.பி. எனச் சுருக்கமாக அழைக்கப்படும் இத்திட்டத்திற்கான விதிமுறைகள் அக்டோபர் 2021 இல் அறிவிக்கப்பட்டன. 2023-24 கல்வியாண்டில் முதற்கட்டமாக 57 நிறுவனங்களில் இது தொடங்கப்பட்டது. எட்டுப் பருவங்கள் கொண்ட நான்காண்டுப் படிப்பாகிய இதில் மாணவர் ஒரு பாடத்துறையையும் கல்வியியலையும் இணைமுதன்மைப் பாடங்களாகப் பயில்வார். பி.ஏ. பி.எட்., பி.எஸ்சி. பி.எட்., பி.காம். பி.எட். ஆகிய பட்டங்கள் வழங்கப்படுகின்றன. தேசியத் தேர்வு முகமை நடத்தும் பொது நுழைவுத் தேர்வின் வழியாகச் சேர்க்கை நடைபெறுகிறது. இத்தேர்வைத் தமிழ் உள்ளிட்ட 13 மொழிகளில் எழுதலாம்.

அடித்தளம், ஆயத்தம், நடுநிலை, இடைநிலை என நான்கு நிலைகளுள் ஒன்றுக்கான ஆசிரியரை உருவாக்கும் வகையில் இத்திட்டம் பிரிக்கப்பட்டுள்ளது. தொடக்க வகுப்பு ஆசிரியராக விரும்புவோர் தாம் சேரும் நிறுவனம் அடித்தள நிலை அல்லது ஆயத்த நிலைக்கான படிப்பை வழங்குகிறதா எனப் பார்க்க வேண்டும். 2030 ஆம் ஆண்டுக்குள் ஆசிரியப் பணிக்கான குறைந்தபட்சப் பட்டம் நான்காண்டு ஒருங்கிணைந்த பி.எட். ஆக வேண்டும் என்பது தேசியக் கல்விக் கொள்கையின் இலக்காகும்.

பட்டமும் பட்டயமும்

ஏற்கெனவே மூன்றாண்டு இளநிலைப் பட்டம் முடித்தவர், அதன்பின் இரண்டாண்டு டி.எல்.எட். பயின்றால் 1 முதல் 8 வரை இரு நிலைகளுக்கும் கல்வித் தகுதி பெறுகிறார். 2011 ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியாகத் தொடக்க நிலைக்கும் சேர்க்கப்பட்ட இவ்வழியில் பட்டத்துக்கென மதிப்பெண் வரம்பு குறிப்பிடப்படவில்லை. ஆயினும் பட்டயப் படிப்பில் சேர்வதற்குரிய மேல்நிலைக் கல்வி மதிப்பெண் வரம்பு தனியே உண்டு. என்.சி.டி.இ.யின் 2014 ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி இப்பட்டயத்தில் குறைந்தது 20 வாரங்கள் பள்ளிப் பயிற்சி இடம்பெற வேண்டும்.

பிற ஒருங்கிணைந்த பட்டங்கள்

அஜ்மீர், போபால், புவனேசுவரம், மைசூர் ஆகிய இடங்களில் உள்ள மண்டலக் கல்வியியல் நிறுவனங்கள் 1960களிலிருந்து பி.எஸ்சி.எட். போன்ற நான்காண்டுப் பட்டங்களை வழங்கி வந்துள்ளன. நற்பெயர் பெற்ற இப்பட்டங்கள் 6 ஆம் வகுப்பு முதலாகவே தகுதியளிப்பவை. 2010 ஆம் ஆண்டு அறிவிக்கையின் 1 முதல் 5 வரையிலான பட்டியலில் இவை இல்லை.

பி.எட். பட்டமும் தொடக்க வகுப்புகளும்

பி.எட். பட்டம் இடைநிலை, மேல்நிலை வகுப்புகளின் ஆசிரியருக்காக வடிவமைக்கப்பட்டது. 2010 ஆம் ஆண்டு அறிவிக்கை தற்காலிக ஏற்பாடாக, சனவரி 1, 2012 வரை மட்டும் பி.எட். பட்டதாரிகளைத் தொடக்க நிலைக்கு நியமிக்க இடமளித்தது. அவர்கள் நியமனத்துக்குப் பின் ஆறு மாதச் சிறப்புப் பயிற்சியை முடிக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இருந்தது.

சூன் 28, 2018 அன்று என்.சி.டி.இ. வெளியிட்ட அறிவிக்கை இக்கதவை மீண்டும் திறந்தது. 50% மதிப்பெண்களுடன் பட்டமும் பி.எட். பட்டமும் பெற்றவர்கள் 1 முதல் 5 வரையிலான வகுப்புகளுக்கு நியமிக்கப்படலாம். நியமனமான இரண்டு ஆண்டுகளுக்குள் ஆறு மாத இணைப்புப் பயிற்சியை முடிக்க வேண்டும் என்று அது கூறியது. இதனால் பட்டயம் பெற்றோரும் பட்டதாரிகளும் ஒரே இடங்களுக்குப் போட்டியிடும் நிலை தோன்றியது.

ராஜஸ்தான் அரசு 2021 ஆம் ஆண்டில் தகுதித் தேர்வு அறிவிப்பு வெளியிட்டபோது பி.எட். பட்டதாரிகளைத் தொடக்க நிலைக்குச் சேர்க்கவில்லை. இதனையொட்டி இரு தரப்பினரும் வழக்குத் தொடுத்தனர். 2018 ஆம் ஆண்டு அறிவிக்கையை ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் நவம்பர் 25, 2021 அன்று நீக்கியது. தேவேஷ் சர்மா எதிர் இந்திய ஒன்றியம் என்ற வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகள் அனிருத்தா போஸ், சுதான்ஷு துலியா அமர்வு ஆகஸ்ட் 11, 2023 அன்று அம்முடிவை உறுதி செய்தது. 21-அ உறுப்பு வழங்கும் உரிமை தரமான கல்விக்கான உரிமை என்பதும், தொடக்க வகுப்புக் குழந்தைகளைக் கையாள்வதற்குரிய பயிற்சி பி.எட். பட்டத்தில் அளிக்கப்படுவதில்லை என்பதும் தீர்ப்பின் சாரமாகும்.

தீர்ப்பின் விளைவுகள்

ஏப்ரல் 8, 2024 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த விளக்கத்தின்படி இத்தீர்ப்பு எதிர்கால நியமனங்களுக்கே பொருந்தும். ஆகஸ்ட் 11, 2023க்கு முன் முறையாகத் தேர்வாகி, வழக்கின் முடிவுக்குக் கட்டுப்பட்டது என்ற நிபந்தனையின்றி நியமிக்கப்பட்டோரின் பணி காக்கப்பட்டது. அவர்களுக்கான ஆறு மாத இணைப்புப் பயிற்சி தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் வழியாக 2025 ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. இப்பயிற்சி ஏற்கெனவே பணியில் உள்ளோருக்கானது. புதிதாக பி.எட். முடித்தவர் இதன் மூலம் தொடக்க நிலைத் தகுதி பெற இயலாது.

நிபந்தனையுடன் நியமனம் பெற்றோரின் நிலை வேறாக இருந்தது. சத்தீஸ்கர் மாநிலத்தில் தொடக்க வகுப்புகளுக்கு நியமிக்கப்பட்டிருந்த 2,600க்கும் மேற்பட்ட பி.எட். பட்டதாரிகள் நீதிமன்ற ஆணைகளைத் தொடர்ந்து பணியிழந்தனர். நீண்ட போராட்டத்துக்குப் பின் 2025 ஆம் ஆண்டில் அவர்களை அறிவியல் ஆய்வகம் சார்ந்த உதவி ஆசிரியர் பணியிடங்களில் அமர்த்த மாநில அமைச்சரவை முடிவு செய்தது. விதிமுறை மாறியதையொட்டி நம்பிக்கையுடன் போட்டித் தேர்வு எழுதி வென்றவர்கள் இவர்கள் என்பதும், அதே இடங்களுக்கு உரிய பயிற்சி பெற்ற பட்டயதாரர்கள் வெளியே காத்திருந்தனர் என்பதும் ஒருங்கே கருதத்தக்கன.

தனிப்பயிற்சியின் தேவை

ஐந்தாம் வகுப்பு வரையிலான பாடங்கள் எளியவை. ஆதலால் பட்டம் பெற்ற எவரும் அவற்றைக் கற்பிக்கலாம் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. பாடப்பொருள் எளியதாயினும் கற்பித்தல் அவ்வாறன்று. இரண்டாம் வகுப்புக் குழந்தை நூற்று ஐந்து என்பதை 1005 என்று எழுதுவது வழக்கமாகக் காணப்படும் பிழையாகும். குழந்தை தான் கேட்ட நூறையும் ஐந்தையும் வரிசையாக எழுதுகிறது. அதன் தருக்கம் சரியானது. இடமதிப்பு என்னும் கருத்து இன்னும் உருவாகவில்லை. இதனைக் கவனக்குறைவு எனக் கருதித் திருத்தி எழுதச் சொல்பவருக்கும், குச்சிக்கட்டுகளைக் கொடுத்துப் பத்துகளையும் ஒன்றுகளையும் பிரிக்கச் செய்பவருக்கும் உள்ள வேறுபாடே தொடக்கக் கல்விப் பயிற்சியின் பயனாகும்.

மேலும் உயர் வகுப்பு ஆசிரியர் ஒரு பாடத்தைக் கற்பிக்கையில், தொடக்க வகுப்பு ஆசிரியர் மொழி, கணிதம், சூழ்நிலையியல் அனைத்தையும் கற்பிக்கிறார். கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி 60 மாணவர்கள் வரை உள்ள தொடக்கப்பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள் போதும். அத்தகைய பள்ளியில் ஐந்து வகுப்புகளை இருவர் பகிர்ந்துகொள்வதால், ஒரே அறையில் பல வகுப்புகளைக் கையாளும் திறனும் தேவைப்படுகிறது.

ஆசிரியர் தகுதித் தேர்வு

இத்தேர்வுக்கான வழிகாட்டு நெறிகளை என்.சி.டி.இ. பிப்ரவரி 2011 இல் வெளியிட்டது. மத்திய அளவில் சி.பி.எஸ்.இ. நடத்தும் தேர்வு சி.டெட் எனப்படும். மாநிலங்கள் தத்தமக்கெனத் தனித்தேர்வு நடத்துகின்றன. முதல் தாள் 1 முதல் 5 வரையிலும், இரண்டாம் தாள் 6 முதல் 8 வரையிலும் கற்பிக்க விரும்புவோருக்கு உரியவை. இரு நிலைகளிலும் பணியாற்ற விரும்புவோர் இரண்டையும் எழுத வேண்டும்.

முதல் தாளின் அமைப்பு வருமாறு.

• குழந்தை வளர்ச்சியும் கற்பித்தல் முறையும்: 30 வினாக்கள்
• முதல் மொழி: 30 வினாக்கள்
• இரண்டாம் மொழி: 30 வினாக்கள்
• கணிதம்: 30 வினாக்கள்
• சூழ்நிலையியல்: 30 வினாக்கள்

வழிகாட்டு நெறிகளின்படி வினாக்கள் யாவும் கொள்குறி வகையைச் சார்ந்தவை. வினாவுக்கு ஒரு மதிப்பெண் வீதம் மொத்தம் 150 மதிப்பெண்கள். தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்கப்படுவதில்லை. 60%, அதாவது 90 மதிப்பெண்கள் பெறுவது தேர்ச்சியாகும். இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்குச் சலுகை அளிக்க அரசுகளுக்கு உரிமை உண்டு. தேர்ச்சிச் சான்றிதழ் முதலில் ஏழு ஆண்டுகள் வரை செல்லுபடியாகும் என இருந்தது. 2021 ஆம் ஆண்டில் அது வாழ்நாள் முழுமைக்கும் செல்லும் என, 2011 முதல் முன்தேதியிட்டு மாற்றப்பட்டது. இத்தேர்வில் தேர்ச்சி பெறுவது நியமனத்துக்கான உரிமையைத் தராது. நியமனத்துக்குப் போட்டியிடும் தகுதியை மட்டுமே தரும்.

செப்டம்பர் 1, 2025 அன்று உச்ச நீதிமன்றம், தமிழ்நாடு, மகாராட்டிரம் ஆகிய மாநிலங்களிலிருந்து வந்த மேல்முறையீடுகளில் தீர்ப்பளித்தது. அதன்படி கல்வி உரிமைச் சட்டத்துக்கு முன் நியமிக்கப்பட்டு, ஓய்வுக்கு ஐந்து ஆண்டுகளுக்கு மேல் உள்ள ஆசிரியர்கள் இரண்டு ஆண்டுகளுக்குள் இத்தேர்வில் தேர்ச்சி பெற வேண்டும். ஐந்து ஆண்டுகளுக்கும் குறைவாக உள்ளோர் பணியில் தொடரலாம். ஆனால் தேர்ச்சியின்றிப் பதவி உயர்வு பெற இயலாது. சிறுபான்மை நிறுவனங்களுக்கு இது பொருந்துமா என்ற வினா பெரிய அமர்வுக்கு அனுப்பப்பட்டது.

தமிழ்நாட்டில்

தமிழ்நாட்டில் 1 முதல் 5 வரையிலான வகுப்புகளுக்குக் கற்பிப்பவர் இடைநிலை ஆசிரியர் எனவும், 6 ஆம் வகுப்பு முதல் கற்பிப்பவர் பட்டதாரி ஆசிரியர் எனவும் அழைக்கப்படுகின்றனர். இடைநிலை ஆசிரியர் என்ற பெயர் பிற மாநிலத்தவரை இடைநிலை வகுப்புகளின் ஆசிரியர் எனக் கருதச் செய்யக்கூடும். இப்பதவிக்கு மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்களிலும் தனியார் நிறுவனங்களிலும் பயிலப்படும் இரண்டாண்டுப் பட்டயமே முதன்மையான வழியாக இருந்து வருகிறது. பட்டம் பெற்றபின் பட்டயம் பயின்றவர்களும் இப்பதவிக்கு விண்ணப்பிக்கின்றனர்.

மாநில அளவிலான முதல் தகுதித் தேர்வை ஆசிரியர் தேர்வு வாரியம் சூலை 2012 இல் நடத்தியது. 2014 ஆம் ஆண்டில் இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 5% தளர்வு வழங்கப்பட்டுத் தேர்ச்சி மதிப்பெண் 82 ஆனது. 2018 ஆம் ஆண்டின் அரசாணை 149, தகுதித் தேர்வில் வென்றவர்களுக்கு நியமனத்துக்கெனத் தனியே போட்டித் தேர்வு நடத்தப்படும் என அறிவித்தது. தகுதித் தேர்வில் முன்னரே வென்று காத்திருந்தோர் மீண்டும் ஒரு தேர்வை எதிர்த்துப் போராட்டங்கள் நடத்தினர். இடைநிலை ஆசிரியர் பணிக்கான இப்போட்டித் தேர்வு சூலை 2024 இல் நடைபெற்றது.

படிப்பில் சேருமுன் சரிபார்க்க வேண்டியவை

• மேல்நிலைக் கல்வி மதிப்பெண் 50% அல்லது உரிய தளர்வு வரம்புக்குள் உள்ளதா? பின்னர் பட்டத்தில் உயர்ந்த மதிப்பெண் பெறுவது இக்குறையை ஈடுசெய்யாது.
• நிறுவனத்தின் அந்தக் குறிப்பிட்ட படிப்பு, சேரும் ஆண்டில், என்.சி.டி.இ. அங்கீகாரம் பெற்றுள்ளதா? 1993 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அங்கீகாரம் விலக்கப்பட்ட நிறுவனத்தில் அதன்பின் பெறும் ஆசிரியர் தகுதி அரசுப் பணிக்குச் செல்லாது.
• பெறப்போகும் பட்டம் 1 முதல் 5 வரைக்கானதா, 6 முதல் 8 வரைக்கானதா? பட்டத்தின் பெயரில் உள்ள கல்வி என்னும் சொல் மட்டும் இதற்கு விடையாகாது.
• பணியாற்ற விரும்பும் மாநிலத்தின் அண்மைய நியமன அறிவிப்பில் அப்பட்டத்தின் பெயர் இடம்பெற்றுள்ளதா?
• அம்மாநிலத்தில் தகுதித் தேர்வுக்குப் பின் தனிப் போட்டித் தேர்வு உண்டா?

இவற்றுள் மூன்றாவது வினாவே பெரும்பாலும் கேட்கப்படாமல் விடப்படுகிறது. பி.எட். பயில்வதற்கு இரண்டு ஆண்டுகளும் கணிசமான கட்டணமும் தேவைப்படுகின்றன. தொடக்க வகுப்புகளில் பணியாற்றும் விருப்பத்துடன் அதில் சேர்ந்தவர், படிப்பு முடிந்தபின் மீண்டும் இரண்டு ஆண்டுகள் பட்டயம் பயில வேண்டியவராகிறார். பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும் தருவாயில் இவ்வேறுபாட்டை அறிந்தவர், நான்கு ஆண்டுகளில் பட்டத்தையும் தொடக்கக் கல்வித் தகுதியையும் ஒருசேரப் பெறும் வாய்ப்பை ஆராயலாம்.